நான் வச்சா செத்துரும்

உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால் ஒன்று உண்டு. ஆர்டீமியா என்பார்கள். அதன் முட்டையைப் பொரித்து, ஜாம் பாட்டிலில் ஊற்றி, ‘மேஜிக் மீன்’ என்று பெயர் வைத்துக் கொட்டாம்பட்டிப் பிள்ளைகளுக்கு விற்றவன் நான். கோடை விடுமுறைதோறும் விற்றேன். விற்றதை மட்டும் சொல்வதானால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. வாங்கிப்போன பாட்டிலில் இரண்டு மூன்று நாளைக்கு மேல் எதுவும் உயிரோடு இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஏன் இருக்காது என்பதும் தெரியும். ஆனாலும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அழுத முகத்தோடு வந்து நின்ற பிள்ளைகளிடம், ‘நீ என்னமோ பண்ணியிருக்க, அதான் செத்துச்சு’ என்றேன். வந்த எல்லோரிடமும் அதையே சொன்னேன்.

எங்கள் ஊர் மதுரை–திருச்சி நாற்கரச் சாலையில், மேலூருக்கும் துவரங்குறிச்சிக்கும் நடுவே இருக்கிறது. நத்தத்திலிருந்து வரும் சாலையும் சிங்கம்புணரிக்குப் போகும் சாலையும் இங்கேதான் சேர்கின்றன. போகிற வண்டிகள் நிறைய. வண்ண மீன் வாங்க நிற்கிறவர்கள் கொஞ்சம். அதனால் கடையின் முன்பக்கம் ஜெராக்ஸும் ரீசார்ஜும், பின்பக்கம் மீன் தொட்டிகளும் வைத்திருந்தேன். கப்பி, மோலி, தங்கமீன் எல்லாம் மதுரையிலிருந்து வரும். எப்போதாவது சென்னை கொளத்தூருக்குப் போய் எடுத்து வருவேன். ஃபைட்டர் மீனை மட்டும் நானே குஞ்சு பொரிக்க வைத்தேன். காசு அதில்தான்.

ஃபைட்டர் குஞ்சுகள் கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவில் பிறக்கும். அவற்றின் வாய்க்குள் நுழைகிற உயிருள்ள தீனி கிடைக்காவிட்டால் முக்கால்வாசி செத்துப்போகும். உலகம் முழுக்க மீன் வளர்க்கிறவர்கள் அதற்காக நம்புவது ஆர்டீமியாவைத்தான். கப்பலேறி வரும் முட்டைகளில் கணிசமான பகுதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மாபெரும் உப்பு ஏரியில் அள்ளியவை. மரக்காணம் பக்கத்து இறால் குஞ்சுப் பண்ணைகளும் டின் டின்னாக வாங்குவது இதைத்தான். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் இந்த உயிர் இருக்கிறது. ஆண் இல்லாமலே பெண் மட்டும் பெருகும் வகையும் அங்கே உண்டு. நான் வாங்கியது டின் முட்டை. முழு டின் எனக்குக் கட்டுபடியாகாது. மதுரையில் ஒரு வியாபாரி பிரித்துப் பொட்டலமாகத் தருவார்.

பார்ப்பதற்குப் பழுப்புநிறத் தூள்போல இருக்கும். ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் கரு பாதி வளர்ந்த நிலையில் நின்றுவிட்டிருக்கும். தண்ணீர் முழுக்க வற்றிப்போனாலும் அது சாகாது. ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை உள்ளே நிறைந்து உயிரணுக்கள் நொறுங்காமல் பிடித்துவைத்திருக்கும். வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். அப்போலோ 16, 17 விண்கலங்களில் இந்த முட்டைகளை நிலவுவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து பொரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பொரிக்கிற வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். பெரிய பெப்சி பாட்டிலின் அடியை வெட்டி, தலைகீழாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் கல் உப்பு. அடியிலிருந்து காற்று கொப்பளிக்க வேண்டும். பக்கத்தில் பல்பு எரிய வேண்டும். நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரு நாள் போதும். மறுநாள் காற்றை நிறுத்தினால் கூடுகள் மேலே மிதக்கும். பொரியாதது அடியில் படியும். இருட்டில் பாட்டிலின் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஆயிரக்கணக்கான ஆரஞ்சுப் புள்ளிகள் வெளிச்சத்தை நோக்கித் துடித்துத் துடித்து வந்து ஒன்றுகூடும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நொடியில் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவேன். அந்த வியப்பில் பொய் இல்லை. அதை விற்றதில்தான் பொய் இருந்தது.

ஜெராக்ஸ் எடுக்க வந்த பிள்ளைகள் அந்த டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தார்கள். ஒரு பையன் விலை கேட்டான். காலி ஜாம் பாட்டிலில் ஊற்றி 30 ரூபாய் என்றேன். அந்த வாரமே பள்ளிக்கூடத்துக் கூட்டம் கடைக்கு வந்தது. ஒரு பொட்டலம் முட்டையிலிருந்து எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் எடுக்கலாம். பொரித்ததில் பாதி ஃபைட்டர் குஞ்சுக்குத் தீனி. மீதி பாதி பிள்ளைகளுக்கு வளர்ப்பு உயிர். இரண்டையும் ஒரே குழாயில் உறிஞ்சி எடுத்தேன்.

இதை முதலில் விற்றவர் அமெரிக்காவின் ஹெரால்ட் வான் பிரான்ஹட். 1960-ல் ‘உடனடி உயிர்’ என்ற பொருள்படும் பெயரில் விற்கத் தொடங்கி, 1962-ல் ‘ஸீ மங்கீஸ்’ என்று பெயர் மாற்றினார். காமிக்ஸ் புத்தகங்களின் பக்கங்களில் கிரீடம் வைத்த, சிரிக்கிற, மனிதமுகக் குடும்பம்போல வரைந்து விளம்பரம் செய்தார்கள். தபாலில் வந்ததோ பொடி இறால். அவர் செய்த வித்தை இரண்டு பொட்டலத்தில் இருக்கிறது. முதல் பொட்டலம் தண்ணீரைச் சுத்தம் செய்வதற்கு என்று சொல்லி, உப்போடு முட்டையையும் அதிலேயே கலந்துவைத்தார். ஒரு நாள் கழித்துப் போடச் சொன்ன இரண்டாவது பொட்டலத்தைத்தான் உயிர் என்றார். அதைக் கொட்டும் நேரத்துக்குள் குஞ்சுகள் ஏற்கெனவே பொரிந்து நீந்திக்கொண்டிருக்கும். அந்தப் பொட்டலத்தில் இருந்த சாயம் அவற்றைக் கண்ணுக்குத் தெரியவைக்கும். பொடியைப் போட்ட கணத்தில் உயிர் பிறந்ததாகப் பிள்ளை நினைக்கும். பொரிக்கும் முறைக்கு 1972-ல் காப்புரிமையும் வாங்கினார்.

இதையெல்லாம் செல்பேசியில் காணொளி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பார்த்து அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எதை? பகட்டை. அவர் பொய் சொன்னார்தான், ஆனால் பெட்டிக்குள் தீனியும் வைத்தார்; எப்போது எவ்வளவு போட வேண்டும் என்றும் எழுதிவைத்தார். நீண்ட நாள் தாங்குகிற வகையை உண்டாக்கக் கடல் உயிரியல் தெரிந்தவரைச் சேர்த்துக்கொண்டு பல வருடம் மெனக்கெட்டார். அவர் பெட்டியை வாங்கிய பிள்ளை சரியாகப் பார்த்துக்கொண்டால் அந்த உயிர் வளர்ந்து, குட்டி போடுவதையும் பார்க்கலாம். நான் கொடுத்தது உப்புத் தண்ணீரும் அதில் நீந்துகிற பட்டினியும் மட்டுமே.

ஏன் சாகும் என்பதைச் சொல்கிறேன். பொரித்து வெளியே வரும் குஞ்சின் வயிற்றில் மஞ்சள்கரு இருக்கும். அந்த ஆரஞ்சு நிறம் அதனுடையதுதான். அப்போது அதற்குத் திறந்த வாய்கூடக் கிடையாது. ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் முதல் தோலை உரிக்கும். அதன் பிறகு சாப்பிட்டே ஆக வேண்டும். மாவைவிடப் பொடியான பாசி, ஈஸ்ட் போன்றவற்றைத் தண்ணீரிலிருந்து வடிகட்டித் தின்னும். எதுவும் கிடைக்காவிட்டால் உள்ளிருக்கும் கருவைக் கரைத்துக்கொண்டே நீந்தி, இரண்டு மூன்று நாளில் முடிந்துபோகும். நான் விற்றவை பெரும்பாலும் காலையில் பொரித்து மாலையில் கொடுத்தவை. பிள்ளையின் கைக்குப் போகும்போதே அவற்றுக்குப் பசி தொடங்கியிருக்கும். மூடி இறுக்கிய பாட்டிலில் முட்டைக்கூடுகளும் செத்தவையும் சேர்ந்து அழுகி மிச்சத்தையும் சாகடிக்கும்.

ஃபைட்டர் குஞ்சுக்குப் போடும்போது இது எனக்குக் கணக்கு. பொரித்தவுடன் போட்டால்தான் சத்து, தாமதித்தால் கரு கரைந்துவிடும் என்று மணி பார்த்துப் போடுவேன். அதே அறிவை வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம், “சாப்பாடே வேணாம் பாப்பா, தண்ணியே போதும்” என்றேன். தீனி என்று ஆரம்பித்தால் அதற்கொரு பொட்டலம் தர வேண்டும், விளக்க வேண்டும், விலை ஏறும், வியாபாரம் குறையும். அந்த ஒரு வரி எனக்கு எல்லாவற்றையும் சுலபமாக்கியது.

பிறகு செத்த பாட்டிலோடு வருவார்கள். “என்ன போட்ட?” என்பேன். சில பிள்ளைகள் சோற்றுப் பருக்கை போட்டிருக்கும், சிலது பிஸ்கட்டை நுணுக்கிப் போட்டிருக்கும். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும், பசிக்குமே என்று அதற்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தெரிந்தும் நான் மறைத்த உண்மையை அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்திருக்கிறது. “நான்தான் போடாதேன்னு சொன்னேன்ல? அதான் செத்துச்சு” என்பேன். எதுவும் போடாத பிள்ளை வந்தால், “கை விட்டியா? ஆட்டுனியா? வெயில்ல வச்சியா?” கையில் உயிருள்ள பாட்டில் கிடைத்து அதை ஒரு தடவைகூட ஆட்டிப் பார்க்காத, விரல் விட்டுப் பார்க்காத பிள்ளை எங்கே இருக்கிறது? யாரைக் கேட்டாலும் ஒன்றாவது பொருந்தும். பொருந்தியதும் முகம் மாறும். அப்புறம் காசைத் திருப்பிக் கேட்காது. அதற்காகத்தான் கேட்டேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சாவைப் பார்க்காதவர்கள் அல்ல. கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். வெள்ளைத் துண்டு வீசியதும் ஊரே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்கும். சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் முதல் நாள் இரவே வந்து கரையில் படுத்திருப்பார்கள். விராலும் கெளுத்தியும் ஜிலேபியும் துடிக்கத் துடிக்கச் சாக்கில் போகும். பிள்ளைகளும் சேற்றில் இறங்கிப் பிடிக்கும். அன்றைக்கு ஊர் முழுக்க மீன் குழம்பு. அதில் எந்தப் பிள்ளையும் அழுததில்லை. மீன் எதற்கு என்று யாரும் அவர்களிடம் மறைக்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளுக்காக என் கடை வாசலில் அழுதார்கள். ‘இது உன்னுடையது, உன்னை நம்பி இருக்கிறது’ என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். செத்ததும் ‘உன்னால்’ என்றேன்.

அதில் ஒரு பெண்குழந்தை. நாலாவதோ ஐந்தாவதோ படித்தாள். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இவள் பக்கத்துக் கிராமத்தில் அப்பத்தாவிடம் இருந்தாள். பாட்டில் வாங்கும்போதே அவள் மற்றவர்களைப்போல் இல்லை. எந்த நேரத்தில் தூங்கும், இருட்டு பிடிக்குமா, பக்கத்தில் பேசினால் கேட்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். செத்ததும் தனியாக வரவில்லை. அப்பத்தாவோடு வந்தாள்.

கிழவி சண்டை போட வரவில்லை. பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள். “ஏப்பா, பிள்ளை நேத்துலருந்து சோறு திங்க மாட்டேங்குது. தான் கை வச்சதுனாலதான் செத்துப்போச்சுன்னு சொல்லிக்கிட்டே கெடக்கு. நீ வெவரம் தெரிஞ்சவன். உள்ளதச் சொல்லு, இவ கை பட்டதுனாலயா செத்துச்சு?”

அதைவிட நேரான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கடையில் வேறு யாரும் இல்லை. ‘இல்லை ஆத்தா, அது எப்படியும் செத்திருக்கும்’ என்றால் முடிந்தது. காசு கேட்டிருக்க மாட்டாள். பிள்ளை சாப்பிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு. என் வாயில் வந்தது, “ஆமா ஆத்தா, கை படக் கூடாது. கையில உள்ள அழுக்கு, சோப்பு எல்லாம் வெசம் அதுக்கு” என்பது. சொன்ன கையோடு பெரிய மனதுபோல, “அழாத பாப்பா, அண்ணே வேற தர்றேன், காசு வேணாம்” என்று புதுப் பாட்டில் ஒன்றை நீட்டினேன்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “வேணாம்ணே. நான் வச்சா செத்துரும்.”

அன்றோடு விட்டிருந்தால் இதை எழுதும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். விடவில்லை. பள்ளி திறக்கும்வரை விற்றேன். கிழவியின் கேள்வி மனதில் வரும்போதெல்லாம் பதிலும் தயாராக வைத்திருந்தேன். மீன் தீனிதானே, நான் விற்காவிட்டாலும் ஃபைட்டர் வயிற்றுக்குத்தானே போகப்போகிறது என்பேன். பிள்ளைகள் நாலு நாளில் மறந்துவிடும் என்பேன். இறால் குஞ்சுக்கு வலி தெரியுமா என்றுகூட எனக்குள் வாதாடியிருக்கிறேன். இன்று பார்த்தால் இந்த வாதங்கள் எல்லாமே இறாலைப் பற்றியவை. பிள்ளையைப் பற்றிய வாதம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அந்தப் பக்கம் சொல்வதற்கு எதுவுமே இல்லை. பொடி இறால் மீனுக்குத் தீனியாவதில் எனக்கு இன்றும் குற்ற உணர்வு கிடையாது. பத்து வயதுப் பெண் தன் கையையே விஷம் என்று நம்பியது என் வேலை.

அடுத்த வருடம் பாட்டில் போடவில்லை. மனம் மாறியதால் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். முட்டை விலை ஏறியிருந்தது, அதுவும் ஒரு காரணம்.

2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தது. ஃபைட்டர் வாங்க ஆளில்லை. பொட்டலத்தில் மீதமிருந்த முட்டையைப் பொரித்து, குஞ்சுகளை மீனுக்குப் போடாமல், வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியில் விட்டேன். கல் உப்பு, அகலமான வாய், மெதுவான காற்று. தீனிக்கு ஸ்பைருலினா பொடியைத் தண்ணீரில் கரைத்து, தொட்டி லேசாகப் பச்சையாகும் அளவுக்கு விட்டேன். தண்ணீர் தெளிந்த பிறகு மறுபடி. அவ்வளவுதான். மூன்று வாரத்தில் அவை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்திருந்தன.

வளர்ந்த ஆர்டீமியாவை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இத்தனை வருடம் விற்றவன், ஒன்றைக்கூட வளரவிட்டதில்லை. மல்லாந்து நீந்தும், வயிறு வெளிச்சத்தைப் பார்த்திருக்கும். பதினொரு ஜோடிக் கால்களும் பின்னிருந்து முன்னாக அலை அலையாக அசையும். அந்தக் கால்களாலேயே நீந்தி, அவற்றாலேயே தீனியை வடிகட்டி, அவற்றாலேயே மூச்சும் விடும். இரண்டு பக்கமும் காம்பின் முனையில் கண். நடுவில் குஞ்சுப் பருவத்துக் கண் வேறு. ஆண் பெண்ணைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, இரண்டும் சேர்ந்தே நாள் முழுக்கச் சுற்றும். பெண்ணின் வாலடியில் பையில் முட்டை தெரியும். தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. பிள்ளைகளுக்கு நான் காட்டியிருக்க வேண்டியது இதைத்தான். இதற்கு ஆகும் செலவு பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை பச்சைப் பொடி. முடியாது என்பதால் கொடுக்காமல் இருந்திருந்தால் வேறு. எளிதாக முடியும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், முயன்று பார்க்கக்கூட நினைக்காததுதான். பிள்ளைகளிடம் பொறுப்பில்லை என்று சொன்னவனின் பொறுப்பு இவ்வளவுதான் இருந்தது.

ஊரடங்கு முடிந்தபின் மீன் தீனி வாங்க வந்த ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, இதன் சொந்தக்காரர்கள் நம் ஊர் மழைத்தண்ணீரிலேயே உண்டு என்றார். உப்பு வேண்டாம், மழை பெய்து தேங்கி, கொஞ்ச நாளில் வற்றுகிற குட்டைகளில் வளரும். தென்னிந்தியாவில் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகோட்டோமஸ் என்ற வகை இருக்கிறது. அதுவும் மல்லாந்து நீந்தும், அதுவும் பதினொரு ஜோடிக் கால். அதன் முட்டை காய்ந்த மண்ணில் அடுத்த மழைவரை காத்துக் கிடக்கும். கண்மாயை நம்பி வாழும் வானம் பார்த்த பூமி இது. காய்ந்த மண்ணுக்குள் உயிர் காத்திருக்கிறது என்று இங்கத்துப் பிள்ளைக்குச் சொன்னால் அது கண் விரித்துக் கேட்கும். அதைச் சொல்ல டின்னும் வேண்டாம், முப்பது ரூபாயும் வேண்டாம்.

அப்போது வாங்கிய பையன்கள் சிலர் வளர்ந்து கடைக்கு வருகிறார்கள். இருவரிடம் உண்மையைச் சொன்னேன். ஒருவன், “அட விடுங்கண்ணே” என்று சிரித்துவிட்டுப் போனான். அவனுக்கு நினைவே இல்லை. இன்னொருவன் சிரிக்கவில்லை. “நான் பிஸ்கட் போட்டதுனாலன்னுல்ல நெனச்சேன், அன்னைக்கி எங்கப்பாகிட்ட அடி வாங்குனேன்” என்றான். முப்பது ரூபாயைப் பாழாக்கினான் என்று அடித்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. இன்னும் எத்தனை வீட்டில் என்னென்ன நடந்ததோ, அதுவும் தெரியாது.

அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியவில்லை. அப்பத்தா இறந்த பிறகு அவளைத் திருப்பூருக்கு அழைத்துப்போய்விட்டார்கள். இப்போது கல்லூரி வயது இருக்கும். கிராமத்தில் விசாரித்தால் எண் கிடைத்திருக்கும். கிழவி உயிரோடு இருந்தபோது எத்தனையோ தடவை கடை வழியாக நடந்து போனாள்; கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். அவள் சாவுக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன், அப்போதும் அந்தப் பிள்ளை அங்கே நின்றாள், அப்போதும் சொல்லவில்லை. அச்சில் வந்தால் அவள் கண்ணிலோ அவளைத் தெரிந்தவர் கண்ணிலோ படலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பாப்பா, கை பட்டதால் அது சாகவில்லை. விரல் விடுவதற்கு முன்னாலேயே அதற்குப் பசி. என் கடையிலிருந்து நீ கிளம்பும்போதே அது பட்டினியாக இருந்தது, அது எனக்குத் தெரியும். சாப்பாடு வேண்டாம் என்று சொன்னது பொய். உன் அப்பத்தா கேட்டபோது சொன்னதும் பொய். அது தூங்குமா, இருட்டு பிடிக்குமா என்று நீ கேட்டாயே, அதற்குச் சொன்னதும் வாயில் வந்தது. வெளிச்சத்தைத் தேடி வரும் குஞ்சு அது. தூங்குவதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நீ வைத்தால் எதுவும் சாகாது. இப்போதும் உனக்கு வேண்டுமானால் முட்டையும் உப்பும் பச்சைப் பொடியும் தருகிறேன், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதியும் தருகிறேன். வேண்டாம் என்றாலும் சரி.